ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஏழு டைல்ஸ்

வேலை முடிகிற அன்று டைல்ஸ் ஒட்டுகிற மற்ற மேசிரிமார் கரண்டியையும் வாளியையும் கழுவி வைத்துவிட்டு, சுவரை ஒருமுறை பார்த்து, "எப்பிடி உண்டு?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் "கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொல்லவேண்டும். அதோடு எல்லாம் முடிந்தது. இவர் அப்படி யாரிடமும் கேட்டதில்லை. வீட்டுக்காரியை அடுக்களைக்குள் கூப்பிடுவார். தன் விரலைச் சுவரில் ஒரு இடத்தில் வைத்துக் காட்டி, அதே இடத்தில் அவளையும் விரல் வைக்கச் சொல்வார்.

"மக்கா, இங்க தடவிப் பாரு. தட்டுப்படுதா? ஒரு முடியளவு எறங்கியாச்சு. எனக்க தப்பாக்கும்."

அநேகமாக நமக்கு ஒன்றும் தட்டுப்படாது. தட்டுப்படவில்லை என்று சொன்னாலும் விடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொல்வார். அப்போது லேசாகத் தட்டுப்படும். "ஆங், அதுதான்," என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊர்களில் அவருக்குத் தப்பு மேசிரி என்று பெயர். கேலிப் பெயர்தான். அவர் முன்னாலேயே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. அவர் பெயரை ஒருமுறை நான் கெடுத்தாயிற்று, அது போதும்.

நான் பாறசாலையில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு விளவங்கோட்டில். கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம், கேரளத்தில். ஏழு வருடத்துக்கு முன்னால் நாங்கள் வீடு கட்டினோம். சுவர் எழுந்து, பூச்சு முடிந்து, அடுக்களையில் கருங்கல் ஸ்லாபும் போட்ட பிறகு, ஸ்லாபுக்கு மேலே சுவரில் டைல்ஸ் ஒட்ட அவர் வந்தார். முதல் நாள் வந்தபோது கையில் ஒரு பென்சில் மட்டும்தான் இருந்தது.

"சாயா போடு மக்கா," என்றார்.

"அடுப்பே வரேல்லியே மேசிரி," என்றேன்.

"வராண்டாம். வந்ததா நெனச்சுட்டு போடு. நான் பாக்கட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெறும் ஸ்லாபுக்கு முன்னால் நின்று, இல்லாத பாத்திரத்தை இல்லாத அடுப்பில் வைத்தேன். சாயாவோடு விடவில்லை. கடுகு தாளிக்கச் சொன்னார், மீன் பொரிக்கச் சொன்னார், மிக்ஸியை எந்தக் கையால் பிடிப்பாய் என்று கேட்டார். நான் கையை நீட்டிய இடத்தையெல்லாம் பார்த்துச் சுவரில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்தார். எண்ணெய் எவ்வளவு உயரம் தெறிக்கும் என்று என் நெற்றிக்கு மேலே ஒரு கோடு போட்டார். அப்புறம் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தான் போய் அதே இடத்தில் நின்று, இல்லாத கரண்டியால் இல்லாத சட்டியைக் கிளறிப் பார்த்தார். அந்தக் கனமான மனிதர் அப்படிக் கிளறியது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

அவருடைய முறை இது. அடுப்புக்கு நேர் பின்னால் முழு டைலை வைத்துத் தொடங்குவார். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு போவார். வெட்டின துண்டெல்லாம் ஃபிரிட்ஜ் வரப்போகிற மூலையில் போய் விழும். ஒட்டுவதற்கு முன் டைல்ஸையெல்லாம் தரையில் பேப்பர் விரித்து அடுக்கி, சுவரில் எப்படி வருமோ அப்படியே காட்டுவார். அதைச் சுற்றி நடந்து பார்க்கச் சொல்வார். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். "செவுத்தில கேறினா பின்ன என்னைத் திட்டித்தான் காரியம்," என்பார்.

சாயா குடிக்கிற நேரத்தில்தான் பேசுவார். பேசுவதெல்லாம் தன் தப்புகளைப் பற்றித்தான். நெய்யாற்றின்கரையில் ஒரு ஓய்வுபெற்ற ஆபீசர் வீட்டில் இப்படித் தப்பைக் காட்டப்போய், அந்த மனிதர், "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்," என்று குதித்தாராம். இவர் அந்த டைலைப் பெயர்த்துப் புதிதாக ஒட்டினார். ஒட்டிவிட்டு, "சாரே, இதுலயும் ஒண்ணு உண்டு," என்றாராம். ஆபீசர் கும்பிட்டு அனுப்பிவைத்தார். கோட்டுகால் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு இரண்டு வருடம் கழித்துப் போய்க் கதவைத் தட்டினாராம். கேஸ் குழாய்க்குப் பின்னால் ஒரு இடைவெளியை அடைக்காமல் விட்டது நினைவு வந்ததாம். அந்த வீட்டுக்காரிக்கு இவரையே மறந்துபோயிருந்தது. அடைத்துவிட்டு, ஒரு சாயா குடித்துவிட்டு வந்தார்.

"என்னத்துக்கு மேசிரி இப்பிடி வலியப்போய் சொல்லுதிய?" என்று நான் கேட்டேன்.

"நான் காட்டேல்லண்ணா நீங்க தேடுவிய. தேடினா இல்லாததும் தெரியும்," என்றார். சாயாவைக் குடித்து முடித்து, "பின்ன, எனக்கு உறக்கமும் வராது, கேட்டியா," என்றும் சொன்னார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஏனென்றால் நான் வேறு ஜாதி மனுஷி. தப்பே செய்யாதவள் என்று பெயர் எடுத்தவள். நாள் முழுக்க மருந்து அட்டையில் பேட்ச் நம்பரும் காலாவதி மாதமும் பார்க்கிற கண். என் கையிலிருந்து ஒரு மாத்திரை மாறிப்போனதில்லை. புகுந்த வீட்டிலும் அதே பெயர்தான். சீட்டோ, டிக்கெட்டோ, பிள்ளையின் ஸ்கூல் ஃபாரமோ, எதுவானாலும், "அவ பாத்தாளா? அப்பம் செரி," என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நகையைப் போல அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தப் பெயரோடுதான் டைல்ஸ் வாங்கப் போனேன். பத்துப் பெட்டி வேண்டும் என்று மேசிரி சொல்லியிருந்தார். என் கணவரின் அக்காவான மைனியும், "மேசிரி சொன்னத வாங்கு பிள்ளே, உனக்க கணக்கெல்லாம் மருந்துக்கடையில வச்சுக்க," என்றார். மைனி சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலையும் சுவிட்ச் போர்டுகளையும் கழித்து நானே ஒரு கணக்குப் போட்டு ஒன்பது பெட்டி வாங்கி வந்தேன். வெட்டும்போது வீணாகப்போவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

போதகர் வந்து ஜெபிக்கிற வீட்டுப் பிரதிஷ்டை சனிக்கிழமை சாயங்காலம். வியாழக்கிழமை மத்தியானம் ஃபிரிட்ஜ் மூலையில் ஏழு டைல்ஸ் குறைந்தது. மேசிரி ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. காலிப் பெட்டியின் பக்கவாட்டைக் காட்டினார்.

"இந்த ஷேடு நம்பர எழுதிக்க மக்கா. பேரும் படமும் ஒண்ணாட்டு இருக்கும். நம்பர் மாறினா நிறம் மாறும். சூளையில ஒவ்வொரு வேவுக்கும் ஒவ்வொரு நிறமாக்கும்."

மருந்து போட்டுக் கொடுக்கிற காகித உறை ஒன்றில் எழுதிக்கொண்டேன். மருந்துக்கடை வேலை முடிந்து களியக்காவிளையில் டைல்ஸ் கடைக்கு ஓடினேன். நல்ல மழை. ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார். அதே பெயர், அதே படம் போட்ட பெட்டி. உறை பையில்தான் இருந்தது. பையைத் திறந்து எடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். டைல்ஸ் என்ன மருந்தா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நம்பர் பார்க்காமலே வாங்கி வந்தது நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைப் பிரித்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பழைய டைலில் வெட்டின துண்டு ஒன்றையும் புதியது ஒன்றையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பழையதில் பால் நிறம், புதியதில் லேசான மஞ்சள்.

"இது வேற ஷேடு மக்கா."

"இவ்வளவு வித்தியாசம் ஆருக்குத் தெரியும்? ஒட்டுங்க மேசிரி."

"சாயங்கால வெயிலுக்க வெட்டத்தில தெரியும். மேக்கால ஜன்னலாக்கும். நேர அந்த மூலையிலதான் அடிக்கும்."

"நாளைக்கு பிரதிஷ்டை."

"அந்த மூலைய வெறுஞ்செவுரா விடுவோம். டைல்ஸ் எத்தேல்லண்ணு சொன்னா போராதா? திங்கக்கிழமை நானே போய் நம்பர் பாத்து எடுத்துட்டு வாறேன்."

வெறுஞ்சுவர் என்றால் மைனி கேட்பார். டைல்ஸ் ஏன் போதவில்லை என்று கேட்பார். பத்துக்குப் பதிலாக ஒன்பது வாங்கியது வெளியே வரும். எனக்கு அதுதான் கண் முன்னால் நின்றது.

"ஒட்டுங்க," என்றேன். வேண்டாமே மக்கா என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒட்டுங்க என்றேன். மூன்றாவது தடவை குரலை உயர்த்தினேன், வீட்டுக்காரி குரலில். அவர் பசை குழைக்க உட்கார்ந்தார்.

வேலை முடிந்ததும் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு டைலைத் தடவச் சொன்னார். "இங்க ஒரு முடி எறங்கியாச்சு. எனக்க தப்பாக்கும்." கண்ணை மூடித் தடவினேன். தட்டுப்பட்டது.

"அப்பம் அந்த ஏழு?" என்று நானே கேட்டேன்.

"அது தப்பில்ல மக்கா. நாம ரெண்டு பேரும் தெரிஞ்சு செய்ததாக்கும்," என்றார். பிறகு, "ஃபிரிட்ஜ் எப்பம் வரும்?" என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். "வந்தா மறஞ்சுபோவும்," என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அவருக்கு வேறொரு ஆசை இருந்தது. எங்கள் சபைக்கு அப்போது புதிய மண்டபம் கட்டி, பின்னால் பெரிய அடுக்களையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைனி சபைக் கமிட்டியில் இருந்தார். எங்கள் வீட்டு வேலையைப் பார்த்துவிட்டு, அதையும் இவரிடமே கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து மேசிரிக்கு அதே நினைப்புதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை விருந்தான அசனத்துக்குச் சோறு வடிக்கிற இடத்தில் போய் நின்று பார்த்திருக்கிறார். அவர் இந்து, எங்கள் சபைப் பெண்களுக்கு ஆளைத் தெரியாது. யாரோ பந்திக்கு வந்தவர் என்று நினைத்து இலை போட்டுச் சோறு விளம்பியிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"ஐந்நூறு பேருக்கு சோறு வைக்கிற அடுக்களை நான் இதுவரை ஒட்டினதில்ல மக்கா. அண்டாவ சரிக்கும்பம் கஞ்சித்தண்ணி எங்க தெறிக்குதுண்ணு பாத்தேன். நீங்க நெனைக்கிற உயரம் போராது. ஆளுயரத்துக்கு மேல போவணும்."

சிமெண்ட் சாக்கின் காகிதத்தை வெட்டி, அதில் பென்சிலால் அந்த அடுக்களையை முழுக்க வரைந்திருந்தார். அண்டா வைக்கிற மூன்று அடுப்பு, அரிசி களைகிற இடம், பெண்கள் நிற்கிற இடத்துக்கு ஒவ்வொரு வட்டம். மைனியிடம் காட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பிரதிஷ்டை அன்று மைனி வருவார்களே, அப்போது கொடுக்கிறேன் என்று வாங்கி வைத்தேன்.

சனிக்கிழமை மழை இல்லை. நான்கு மணிக்குப் போதகர் வந்து ஒவ்வொரு அறையாக ஜெபம் பண்ணினார். வீடு கட்டினவர்களைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் வேட்டியும் துண்டும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்துக்கள் பாலுகாய்ச்சுக்குக் கொடுப்பார்கள், நாங்கள் பிரதிஷ்டைக்குக் கொடுப்போம். கொத்தனார் வாங்கினார், ஆசாரி வாங்கினார், கரண்டுக்காரர் வாங்கினார். மேசிரி சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். கூடவே தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார், அடுக்களையைக் காட்டுவதற்கு. அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றார்கள். என் கணவர் கையிலிருந்து மேசிரி வேட்டியை வாங்குகிற சமயத்தில்தான் உள்ளேயிருந்து மைனியின் குரல் வந்தது.

"இது என்ன பிள்ளே, ரெண்டு நிறமாட்டு இருக்கு?"

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே அந்த மூலையில் அடித்துக்கொண்டிருந்தது. ஏழு டைல்ஸும் மஞ்சளாகத் தெரிந்தன. குருடனுக்கும் தெரியும். எல்லாரும் அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டார்கள். போதகர் எட்டிப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். மைனியும் என்னைத்தான் பார்த்தார். மைனியின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றியது. இருந்ததா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"மேசிரி பெட்டி நம்பர் பாத்திருக்கணும்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை, மேசிரி பெட்டி நம்பர் பார்க்கவேண்டியதுதான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய்தான். பொய்யிலும் வகை தெரிந்து, பொறுக்கிச் சொன்ன பொய்.

மேசிரி வேட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் பயந்தேன். பத்துப் பெட்டி, ஒன்பது பெட்டி, முற்றத்தில் வைத்துக் காட்டினது, மூன்று தடவை கேட்டது, எல்லாவற்றையும் இப்போது சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லியிருக்கலாம். நூறு பேர் இருந்தார்கள்.

"ஆமா," என்றார். "நம்பர் பாக்காம ஒட்டியாச்சு. எனக்க தப்பாக்கும்."

யாரோ ஒரு சொந்தக்காரர், "தப்பு மேசிரி இண்ணைக்கு பெரிய தப்பு காட்டியல்லோ!" என்று பாதி மலையாளத்தில் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். மேசிரியும் சிரித்தார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவருடைய தப்பை அவரே சொல்லுவது ஊரறிந்த வழக்கம். நான் தப்பே செய்யமாட்டேன் என்பதும் ஊரறிந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி முடிவாகியிருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் மனைவி பார்த்தார்கள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவர், தன் ஆள் நம்பர் பார்க்காமல் ஒரு பெட்டியைப் பிரிக்கமாட்டார் என்று தெரிந்த பார்வை அது. கோபம்கூட இல்லை. ஏன் என்று கேட்கிற பார்வை. நான் பிரியாணி விளம்ப ஆள் இருக்கிறதா என்று பார்க்கப் போவதுபோலப் பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் போயிருந்தார்கள், சாப்பிடாமல்.

திங்கட்கிழமை ஃபிரிட்ஜ் வந்து அந்த மூலையில் நின்றது. ஏழு டைல்ஸும் அதற்குப் பின்னால் போய்விட்டன. அவர் சொன்னதுபோலவே ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவர் மிச்சச் சாமான்களை எடுக்க வந்தார். வருவார் என்று தெரிந்தே நான் சீக்கிரமாகக் கடைக்குப் போய்விட்டேன். பையில் கிடந்த அந்தக் காகித உறையைக் கடையில் வைத்துப் பார்த்தேன். என் கையெழுத்து, ஷேடு நம்பர், கீழே ஒரு கோடு. கிழித்துக் குப்பையில் போட்டேன்.

சபை அடுக்களை வேலை வேறொரு ஆளுக்குப் போயிற்று. "நம்பர் பாக்கத் தெரியாதவன நம்பி சபை வேலைய எப்பிடிக் குடுக்க?" என்று மைனி சாப்பாட்டு மேஜையில் சொன்னார். நான் எல்லாருக்கும் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் ஒரு வாக்கியம் போதும். கரண்டியைக் கீழே வைக்கக்கூட வேண்டாம். நான் குழம்பை ஊற்றி முடித்தேன்.

வந்த ஆள் நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போனார். அண்டாவைச் சரிக்கும்போது கஞ்சித்தண்ணீர் அதற்கு மேலே தெறிக்கிறது. வெறும் சிமெண்டில் பட்டுக் கறுத்துப் பாசி பிடித்துவிட்டது. ஒவ்வொரு அசனம் முடிந்தும் நான் ஸ்டூலைப் போட்டு ஏறி அதைத் தேய்க்கிறேன். "உனக்கு என்னத்துக்கு பிள்ளே இந்த வேலை? ஆளு வச்சு கழுவலாமே," என்பார் மைனி. என்னுடைய பக்தி என்று நினைத்திருக்கிறார். சிமெண்ட் சாக்குக் காகிதம் என் அலமாரியில் பழைய சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அதில் மேசிரி போட்ட கோடு ஆறேமுக்கால் அடியில் இருக்கிறது.

இதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன். பெரிய மனதோடு எழுதுவதாக யாரும் நினைக்கவேண்டாம். என் கணவரும் மைனியும் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் படித்ததெல்லாம் மலையாளம். மேசிரியும் அப்படியே. எங்கள் தெருவில் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இந்தத் தாளை மேஜைமேல் திறந்து போட்டுவிட்டு நான் கடைக்குப் போகலாம். அப்படிப்பட்ட தைரியம்தான் எனக்கு வாய்த்திருக்கிறது.

போன மாதம் வரை இதை எழுதும் எண்ணமும் இல்லை. எங்கள் கடையில் கூட வேலை பார்க்கிற பெண் ஆரியங்கோட்டில் வீடு கட்டுகிறாள். என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவள். "சேச்சி ஒருநாள் வந்து அடுக்களை டைல்ஸ் பாத்துச் சொல்லணும், சேச்சிக்க கண்ணு வேற ஆருக்கும் கிடையாது," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து போனேன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. அடுக்களைக்குள் நுழைந்ததும் சுவரில் பென்சில் புள்ளிகளைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் பின்வாசல் வழியாக அவர் உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். முழங்கால் வலி போலிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மக்கா, சொகம்தானா? ஃபிரிட்ஜெல்லாம் நல்லா ஓடுதா?" என்றார்.

"ஓடுது மேசிரி," என்றேன். வீட்டில் எல்லாரும் சுகமா என்று நான் கேட்டிருக்கவேண்டும். அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்ததால் கேட்கவில்லை.

தரையில் பத்துப் பெட்டி வரிசையாக இருந்தது. ஒன்றும் பிரிக்கவில்லை. என்னுடைய தோழி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சேச்சி, இந்த மேசிரிக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒவ்வொரு பெட்டி நம்பரையும் நாம உரக்க வாசிச்சு கேக்கணுமாம். அப்பத்தான் பிரிப்பாராம். பண்டு ஏதோ ஒரு வீட்டில நம்பர் பாக்காம ரெண்டு ஷேடு ஒட்டிப்போட்டாராம். போற வீட்டிலெல்லாம் இதச் சொல்லித்தான் வேலையே தொடங்குவாராம்."

நான் மேசிரியைப் பார்த்தேன். அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உள்ளதாக்கும்," என்றார். "பிரதிஷ்டைக்கு முந்தின நாளு. வேண்டாமெண்ணு நான் உறுதியாட்டு சொல்லியிருக்கணும். சொல்லேல்ல. எனக்க தப்பாக்கும்."

அவர் மூன்று தடவை சொன்னார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான்காவது தடவையும் சொல்லாததைத் தன் தப்பாக எண்ணிக்கொண்டு ஏழு வருடமாக வீடு வீடாகக் காட்டிக்கொண்டு நடக்கிறாரா, அல்லது என் பெயர் எந்த வீட்டிலும் வந்துவிடக்கூடாது என்று மூடி வைத்துக்கொண்டு நடக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. எதுவானாலும் அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எப்படியோ வாயைத் திறந்தேன்.

"அந்த வீடு என் வீடாக்கும்," என்றேன்.

மீதி வாக்கியம் நாக்கில்தான் இருந்தது. நம்பர் பார்க்காதவள் நான். ஒட்டச் சொன்னவள் நான். மூச்சை இழுத்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, சேச்சிக்க வீட்டிலயா! பாவம் சேச்சி. பேட்ச் நம்பர் ஒரு எழுத்து மாறினா பொறுக்கமாட்டிய, உங்க அடுக்களையிலயா இப்பிடி? என்ன மேசிரி, ஆளு பாத்தா தப்பு பண்ணுவிய?"

மேசிரி சிரித்தார். அன்று வேட்டியோடு நின்று சிரித்த அதே சிரிப்பு. "அதெல்லாம் அங்ஙனே நடந்துபோவும் மக்கா," என்று அவளிடம் சொல்லிவிட்டு, முதல் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"நீ வாசி. மருந்துக்கடையில உள்ள கண்ணல்லா. பிசகாது."

தோழி ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுதத் தயாராக நின்றாள். மேசிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து, முதல் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த நம்பரை உரக்க வாசித்தேன். பிறகு இரண்டாவது பெட்டியை வாசித்தேன். பத்துப் பெட்டியையும் ஒரு எழுத்து பிசகாமல் வாசித்துக் கொடுத்துவிட்டு, சாயா குடித்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.